கிளுவை வேலியில் ஒரு கடவு

“ஏங்கண்ணு, உனக்கு வேற பொழப்பே இல்லியா? லீவுக்கு வந்தமா, தின்னமா, தூங்குனமான்னு இல்லாம, கெழவி அருவாளத் தூக்கிட்டு வேலிக்கு எதுக்குப் போறான்னு உனக்கு எதுக்கு? போலீசு வேலைக்குப் பரிச்ச எழுதறயா?”

இப்படி நாலு வசவு வைத்தும் என் பேத்தி நகரவில்லை. நோட்டை வேறு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். என் பேச்சையெல்லாம் இஸ்திரி போட்டு மடித்து வைக்கிறாள். வைக்கட்டும். உள்ளே இருக்கும் கறை போகாது.

அவள் கேட்டது இதுதான். வருடா வருடம் ஆள் வைத்துத்தான் வேலி வெட்டுகிறோம். ஆனால் ஓர் இடத்தை மட்டும் யாரையும் தொடவிடாமல் நானே வெட்டுகிறேன். ஒரு முழ அகலம், ஆள் ஒருத்தர் ஒருக்களித்து நுழையலாம். கடவு என்று சொல்வோம். இப்போது அதில் போவாரும் இல்லை, வருவாரும் இல்லை. துளிர்த்தால் துளிர்த்துவிட்டுப் போகட்டும் என்று விடாமல், முட்டி வலியோடு போய் ஏன் வெட்டவேண்டும்?

ஏனென்றால் அந்தக் கடவை ஒருமுறை நான் அடைத்தேன். அடைத்தது ஆட்டுக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்.

எங்கள் காடு தாராபுரத்துக்கு மேற்கே, மழை கணக்குப் பார்த்துப் பெய்யும் பக்கம். ஐந்து ஏக்கர் மேய்ச்சல் காடு, சுற்றிலும் கிளுவை வேலி. கிளுவை முள்ளு மரம். கிளையை வெட்டிப் போத்தாக நட்டால் பிழைத்துக்கொள்ளும். நெருக்கி நட்டால் நாலு வருடத்தில் சுவர் மாதிரி நிற்கும். வேலி சரியாக இருந்தால் மாட்டை உள்ளே விட்டுவிட்டு நம் பாட்டுக்கு வேலையைப் பார்க்கலாம். வேலியில் பொக்கு, அதாவது ஓட்டை, விழுந்தால் நாள் முழுக்க மாட்டுக்குப் பின்னால் ஓட வேண்டியதுதான். என்னைப் பெண் பார்க்க வந்த மாமியார் என் முகத்தைவிட என் அப்பன் வேலியைத்தான் அதிக நேரம் பார்த்தாராம். நல்லவேளை. முகத்தைப் பார்த்திருந்தால் காப்பி குடிக்காமலே திரும்பியிருப்பார்.

நான் சொல்லும் வருடங்களில், தொண்ணூறுகளின் நடுவில், கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுக்கும் பழக்கம் எங்கள் பக்கம் மெல்ல வந்துகொண்டிருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன மகன் ஊருக்கு வரும்போதெல்லாம், “கிளுவையெல்லாம் புடுங்கிப்போட்டுக் கம்பி போட்டரலாம்மா” என்பான்.

“கம்பி தழையுமாடா?” என்று கேட்டேன்.

அவன் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டான்.

வேலிக்கு அந்தப்புறம் இட்டேரி. இரண்டு பக்கமும் வேலிக்கு நடுவே ஓடும் வண்டித்தடத்துக்கு அப்படிப் பெயர். இட்டேரியைத் தாண்டினால் ஒரே ஒரு வீடு. அதில் இருந்தவள் என்னைவிட நாலைந்து வயது இளையவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகளை அன்னூரில் கட்டிக்கொடுத்துவிட்டாள். மிச்சம் அவளும் ஒரு செவலைப் பசுவும். அந்தப் பசு கறந்தால்தான் அவள் அடுப்பு எரியும்.

பால் சொசைட்டி தார்ரோட்டில் இருந்தது. விடிந்ததும் பால் கறந்து, தூக்குப்போசியோடு இட்டேரியைக் குறுக்கே தாண்டி, எங்கள் கடவில் நுழைந்து, எங்கள் வாசல் வழியாக ரோட்டுக்குப் போவாள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. கடவு இல்லையென்றால் இட்டேரியிலேயே எங்கள் காட்டைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அதற்குள் பால் வண்டி வந்து போய்விட்டால் சொசைட்டியைச் சாத்திவிடுவார்கள். கறந்த பாலைத் திரும்ப வீட்டுக்குத்தான் சுமக்கவேண்டும்.

கடவில் தலை தெரியும்போதே, “அக்கா, போயிட்டு வாரனுங்க” என்பாள்.

“போயிட்டு வா அம்மணி. உம்பட மருமக இன்னிக்கு எத்தன ஒத உட்டா?” என்பேன். பசுவைத்தான் அவளுடைய மருமகள் என்று சொல்வேன்.

“ரெண்டுதானுங்க. உங்களக் கேட்டதாச் சொல்லச் சொன்னா.”

அவள் நடையைக் கேலி செய்தேன். அவள் வைக்கும் ரசத்தைக் கேலி செய்தேன். பத்து வருடம் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் சிரித்துக்கொண்டே போனாள். என்னைப் பார்த்து அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

அது ஆவணி மாதம். சொசைட்டியில் கூட்டம். மாடு வைத்திருக்கும் எல்லோரும் வந்து பெரிய நோட்டில் கையெழுத்துப் போடவேண்டும். நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி. கைநாட்டு வைக்க வெட்கப்பட்டு, என் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவள் நோட்டைப் பார்த்து, சாணி தெளித்த வாசலில் கோலப்பொடியால் என் பெயரை எழுதிப் பழகினேன். ஐந்து எழுத்து. அதில் மூன்றாவது எழுத்துக்கு ஒரு சுழி இருக்கிறது. அந்தச் சுழிக்கு வந்தால் என் கை நின்றுவிடும். அன்றைக்கும் நின்றது. பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் யோசிக்கிறேன், பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

“சித்த வெரசாப் போடுங்க்கா” என்றாள் பின்னாலிருந்து. “நீங்க கையெழுத்துப் போட்டு முடிக்கறதுக்குள்ள கறந்த பாலு தயிராயிரும்ங்க.”

சொசைட்டியே சிரித்தது. பால் அளக்கிறவன் மேசையைத் தட்டிச் சிரித்தான். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். சிரித்துக்கொண்டே நாலாவது எழுத்தைத் தப்பாகப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். தயிராயிரும். அடுப்பை மூட்டினேன். தயிராயிரும். ஊரில் நான் பட்டப்பெயர் வைக்காத ஆள் கிடையாது. சொசைட்டி செயலாளருக்குக்கூட ஒன்று வைத்திருந்தேன், அதை இங்கே எழுத வேண்டாம் என்று பேத்தியிடம் சொல்லிவிட்டேன். அப்படிப்பட்ட எனக்கு ஒரு சொல் தாங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் யாரையும் ‘வராதே’ என்று சொல்லிப் பழக்கமில்லை. தலையை வெட்ட வந்தவனைக்கூட ‘வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க’ என்றுதான் சொல்வோம். வாயால் சொல்ல முடியாததை வேலியை வைத்துச் சொன்னேன்.

புரட்டாசியில் முதல் மழை விழுந்தது. வேலியில் செத்துப்போன இடங்களுக்குப் போத்து நடும் சமயம் அதுதான். மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைகளாகப் பார்த்து வெட்டினேன். வெட்டிய வாய் உலரட்டும் என்று நாலு நாள் நிழலில் போட்டேன். கடவுக்குக் குறுக்கே ஒன்றரைச் சாண் ஆழத்துக்குக் குழி வெட்டி, விரல் நுழைய இடம் விடாமல் வரிசையாக நட்டு, மண்ணை மிதித்து, குறுக்கே வேல முள்ளு வைத்துப் பனை நாரால் இழுத்துக் கட்டினேன். என் வீட்டுக்காரர் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவர் நின்று பார்த்தார்.

“கடவ எதுக்கு அடைக்கற?”

“ஆடு பூருதுங்க.”

“யாரூட்டு ஆடு?”

“ஊரூட்டு ஆடு.”

அவர் என்னைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். மாட்டிடம், “நட, நாம போலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனுஷனுக்கு என்னிடம் பேசுவதைவிட மாட்டிடம் பேசுவது சுலபம்.

மறுநாள் விடிந்ததும் அவள் வந்தாள். நான் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப்புறம் காலடி நின்றது. தூக்குப்போசியின் வளையம் ‘டிங்’ என்று ஒரு தடவை அசைந்தது. ‘அக்கா’ என்று கூப்பிடுவாள், ‘ஆடு பூருது அம்மணி’ என்று சொல்லலாம் என்று பதிலை வாயில் தயாராக வைத்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காலடி இட்டேரியோடு போனது.

கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

என் கை நட்டால் எதுவும் பிழைக்கும். அதில் எனக்குப் பெருமை. இரண்டு வாரத்தில் எல்லாப் போத்தும் கண் திறந்துவிட்டது. மற்ற இடங்களில் நட்டதில் பத்துக்கு மூன்று காய்ந்தது. கடவில் நட்டதில் ஒன்றுகூடக் காயவில்லை. தினமும் காலையில் அந்தப்புறம் காலடிச் சத்தம் கேட்கும். முன்பைவிடச் சீக்கிரம் எழுந்து கறக்கிறாள் என்று அதை வைத்தே தெரியும். ‘நாளைக்கு எடுத்துவிடலாம்’ என்று நினைப்பேன். நாளைக்கு இன்னும் இரண்டு இலை விட்டிருக்கும்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. இட்டேரி முழுக்கச் சேறு. வண்டித்தடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு நாள் காலையில் வேலி ஓரமாகச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். தொப்பென்று ஒரு சத்தம். அதன் பின்னால் தூக்குப்போசி மூடி உருண்டு உருண்டு போய் விழுந்த சத்தம். அப்புறம் அவள் குரல்.

“அய்யோ... பாலு...”

இலைக்கு நடுவே பார்த்தேன். சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தாள். வலது கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவில் நாலு எட்டு. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது. நடுவில் நான் நட்ட போத்து. நான் கட்டிய முள்ளு. பிடித்து இழுத்தேன், அசைந்துகூடக் கொடுக்கவில்லை. உள்ளங்கையில் முள்ளு ஏறியதுதான் மிச்சம்.

“ஆருங்க, அக்காங்களா?” என்றாள் கிடந்த வாக்கிலேயே.

“நாந்தான் அம்மணி. அசையாத. வாரேன்.”

வாரேன் என்று சொல்லிவிட்டேன். எப்படி வருவது? ரோட்டுக்கு ஓடி, இட்டேரி தொடங்கும் இடத்தில் திரும்பி, எங்கள் காட்டை முழுக்கச் சுற்றிக்கொண்டு சேற்றில் ஓடினேன். இரண்டு தடவை விழுந்தேன். அவள் தினமும் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று அன்றைக்கு என் காலுக்குத் தெரிந்தது. நான் போய்ச் சேரும்போது அவள் எழுந்து உட்கார்ந்து, இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். மணிக்கட்டு கோணி இருந்தது. சுற்றிலும் சேற்றில் பால்.

“சொசைட்டி சாத்தியிருப்பாங்களாங்க?” என்று கேட்டாள்.

கையைப் பற்றிக் கேட்கவில்லை, என்னைப் பற்றியும் கேட்கவில்லை.

தாராபுரத்து ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக் கூட்டிவந்தோம். சேதி கேட்டு அன்னூரிலிருந்து மகள் சாயங்காலமே வந்துவிட்டாள். கட்டுத்தரையில் பசு கறக்காத மடியோடு கத்திக்கொண்டு நின்றது.

“ஏம்மா, இன்னியும் எதுக்கு இந்தப் பாடு? மாட்ட வித்துப்போட்டு எங்கூட வந்துரு. நாளைக்கே ஏவாரியக் கூட்டியாரச் சொல்றேன்” என்றாள் மகள்.

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பசுவைப் பார்த்தாள். பசு போனால் அவள் போவாள். மகள் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து ‘சாப்பிட்டீங்களா’ என்று யாராவது கேட்கக் காத்திருப்பாள். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“மாட்ட விக்க வேண்டாங் கண்ணு” என்றேன் மகளிடம். “உங்கம்மாளுக்குக் கை கூடற வரைக்கும் நான் கறக்கறேன். பாலயும் நானே ஊத்திட்டு வாரேன்.”

“உங்களுக்கு எதுக்குங்க பெரிம்மா செரமம்?”

எதுக்கு என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்தேன். பொழுது சாய இன்னும் ஒரு முழம் இருந்தது. அருவாளை எடுத்துக்கொண்டு போய்க் கடவில் நட்ட போத்தையெல்லாம் வெட்டினேன். இரண்டு மாதத்துப் போத்து, வேர் அப்படிப் பிடித்திருந்தது, பிடுங்க வரவில்லை. தரையோடு தரையாகத்தான் வெட்ட முடிந்தது. கிளுவைப் பால் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. அந்த வாசம் சோப்புக்குப் போகாது, சீமெண்ணெய்க்கும் முழுசாகப் போகாது. என் வீட்டுக்காரர் வந்து நின்றார். “ஆடு பூராதா?” என்று கேட்டார். நான் நிமிரவில்லை. அவர் கீழே கிடந்த முள்ளையெல்லாம் கவைக்கோலால் ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடிய அந்தக் கடவில் நுழைந்து நான் போனேன். இவ்வளவு நாள் அவள் வந்த வழியில் நான் போவது எனக்கே சிரிப்பாக இருந்தது, சிரிப்பு வெளியே வரவில்லை.

பசு என்னைக் கண்டதும் காதை விடைத்தது. மடியில் கை வைத்ததும் ஒரு உதை. போசி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பத்து வருடமாக அதை மருமகள் என்று கேலி பேசியதற்கெல்லாம் சேர்த்து வைத்திருந்தது போலும்.

அவள் கட்டுத்தரை ஓரத்தில் உரல் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகளை அனுப்பித் தன் பழைய சீலை ஒன்றை எடுத்துவரச் சொன்னாள். “இதச் சுத்திக்கங்க்கா. எம்பட வாசம் இருந்தா நிக்கும்ங்க.”

அவள் சீலையை என் சீலைக்கு மேலே சுற்றிக்கொண்டேன். பசு முகர்ந்து பார்த்தது. கொஞ்சம் யோசித்தது. நின்றது. ஆனால் அவள் மூக்கு பசு மூக்கைவிடக் கூர்மை.

“கிளுவப்பாலு வாசம் வருதுங்ளே” என்றாள்.

“வேலியில ஒரு வேல இருந்துச்சு அம்மணி.”

“ஓ.”

நான் கறந்தேன்.  பாதிப் போசி நிறைந்தபோது தன் பாட்டுக்குப் பேசுவதுபோல் சொன்னாள்.

“எங்கிட்ட ஆடு இல்லீங்க. உங்ககிட்டயும் இல்லீங்க. இந்த இட்டேரில ஆடு வெச்சிருக்கறவங்களே இல்லீங்ளே அக்கா.”

என் கை நின்றது. மூன்றாவது எழுத்துச் சுழியில் நிற்குமே, அப்படி.

“அன்னிக்கு சொசைட்டில நான் வெளையாட்டுக்குத்தானுங்க சொன்னேன்” என்றாள். “நீங்க எல்லாத்தையும் சொல்றீங்கள்ல. உங்களுக்குப் பொறுக்கும்னு நெனச்சுப்போட்டனுங்க. தப்பு எம்மேலதானுங்க.”

அவள் கை உடைந்திருக்கிறது. உடைய வைத்தவள் நான். அவள் தன் மேல் தப்பு என்கிறாள். ‘இல்லை அம்மணி, நான்தான்’ என்று ஒரு வாக்கியம். ஊரையே சிரிக்க வைத்த வாய்க்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. “பாலு தயிராயிரும், நான் கெளம்பறேன்” என்றேன். அதையும் அவள் வார்த்தையைத் திருடித்தான் சொன்னேன். அவள் சிரித்தாள்.

தை பிறக்கும்வரை கறந்தேன். ஏவாரி வரவில்லை. மகள் மாதம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகவே நின்றுவிட்டது. கறக்கலாம், ஆனால் மழை வரும் நாளில் குடையும் என்றாள். அதன் பிறகு மாசி, பங்குனி எல்லா மாதமும் கடவு வழியாகத்தான் வந்தாள், போனாள். பசு மூன்று கன்று போட்டது. அவள் கடைசி வரை அன்னூருக்குப் போகவில்லை. கடைசி வரை நானும் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. மேகம் கூடும்போதெல்லாம் அவள் மணிக்கட்டைத் தடவுவாள், நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

தரையோடு வெட்டிய கிளுவை இன்னும் சாகவில்லை. வருடா வருடம் துளிர்க்கிறது. நானும் போய் வெட்டுகிறேன். கூலி ஆள் வெட்டினால் கூலியோடு முடிந்துவிடும்.

ஊர்க்காரர்களுக்கு என்ன சொன்னேன் என்று கேட்கிறாயா? கடவைத் திறந்த மறுநாளே சொசைட்டியில் பிடித்துக்கொண்டார்கள். நான் அவள் சீலையைச் சுற்றியபடியே, அவள் போசியோடு வரிசையில் நிற்கிறேன். கேட்காமல் இருப்பார்களா?

“ஏனுங்க, உங்க வேலில மறுக்காப் பொக்கு உழுந்து கெடக்குது? புரட்டாசிலதான அடச்சீங்க?”

“கறையானுங்க” என்றேன். “அரிச்சுப்போட்டுதுங்க.”

“பச்சக் கிளுவையையா?”

“பொல்லாத கறையானுங்க.”

நம்பினவர் ஒருவரும் இல்லை. பச்சைக் கிளுவையைக் கறையான் தொடாது என்று நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும். மரியாதைக்கு ‘ஓஹோ’ என்று தலையாட்டி வைத்தார்கள். ஆனால் விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் கறையான் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்கள். கட்டுப்போட்ட கையோடு அவள் முதல் தடவையாகச் சொசைட்டிக்கு வந்த அன்றைக்கும் ஒருவர் ஆரம்பித்தார். எனக்குத் தரை பிளக்காதா என்று இருந்தது.

என் பின்னால் நின்றவள் சாதாரணமாகச் சொன்னாள்.

“ஆமாங்க, கறையாந்தான். நானே எங்கண்ணாலப் பாத்தனுங்க. இத்தாச்சோடு இருந்துதுங்க.”

சுண்டுவிரல் நீளம் காட்டினாள். அன்றைக்கு அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அன்று முதல் யார் கேட்டாலும் நானும் அதையேதான் சொல்லிவந்தேன்: கறையான், சுண்டுவிரல் நீளம், அவ கண்ணாலப் பாத்தது.